ஆட்கள் நாற்பத்தொன்று, நேரங்கள் நாற்பத்திரண்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. எங்கள் ஓட்டக் கழகத்தின் மாத மடலுக்கு முந்நூறு சொல்லில் ஒரு செய்தி கேட்டார்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தேர்வு ஓட்டம் நடந்தது, இத்தனை பேர் ஓடினார்கள், முதலில் வந்தவர் இன்னார், சேறு அதிகம், உதவிய எல்லோருக்கும் நன்றி. (சேறு அதிகம் என்ற வரியை இரண்டு வருடமாக நான் மாற்றவே இல்லை. யாரும் குறை சொன்னதும் இல்லை.) அரை மணி நேரத்தில் முடிகிற வேலை.

இந்த முறை "இத்தனை பேர் ஓடினார்கள்" என்ற இடத்திலேயே வண்டி நின்றுவிட்டது. ஓடி முடித்தவர்கள் நாற்பத்தொரு பேர். கடிகாரத்தில் பதிவான நேரங்கள் நாற்பத்திரண்டு. ஒரு நேரத்துக்கு ஆள் இல்லை.

அது யாருடைய நேரம் என்று கேட்கப்போய்த்தான் இந்த வம்பில் மாட்டிக்கொண்டேன். என் முட்டிவலி மாத்திரைக்காக மருந்துக்கடைக்குப் போன அன்று, கடிகாரம் பிடித்த பெண்மணியே கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று எனக்குப் பாதிக் கதை சொன்னார். மீதிப் பாதியைச் சொல்லவில்லை. அந்த மீதிதான் கதை என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன்.

2

தொடக்கங்கள்:

"அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பனிமூட்டம் வயல்களை மூடியிருந்த—"

பனிமூட்டம் இல்லை. பளிச்சென்று வெயில். குழப்பமான கதை என்றால் பனிமூட்டத்தைக் கொண்டுவந்துவிடுவது எனக்கு ஒரு கெட்ட பழக்கம்.

"மூன்று விநாடி என்பது மனித வாழ்க்கையில்—"

வேண்டாம். அடுத்த வரியில் தத்துவம் வந்துவிடும்.

"மருந்துக்கடையில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் மாத்திரை எண்ணுகிறவர் அவர். பதினோரு வருடத்தில் ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன். கழகத்தில் எல்லோரும் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட இருபது வயது மூத்த கேப்டன்கூட அண்ணி என்பார். காரணம், அவருடைய கணவரின் தங்கையும் எங்கள் கழகத்தில்தான் ஓடுகிறாள். அவள் அண்ணி என்று கூப்பிட, கேட்டவர்கள் எல்லோருக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. நாத்தனாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவளை ஸ்பேர் என்பார்கள். வண்டியில் பின்னால் மாட்டியிருக்கும் உபரிச் சக்கரம் இருக்கிறதே, அதுதான். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். அந்தச் சிரிப்பை நான் இதுவரை சரியாகப் பார்க்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

3

இந்த இடத்தில் கழகம் எப்படி நடக்கிறது என்று சொல்லியாக வேண்டும். கட்டுரை மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய் மாலை சாலை ஓட்டம். நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் விளையாட்டுத் திடலின் உடைமாற்றும் அறையிலிருந்து கிளம்பி, வேகத்துக்கு ஏற்ப நான்கு கூட்டமாகப் பிரிந்து ஓடுவார்கள். ஞாயிறு காலை காட்டு ஓட்டம். வயல் வரப்பு, ஓடை, ஒரு குன்று, மறுபடி ஓடை. ஒவ்வொருவரும் வருடத்துக்கு இரண்டு ஞாயிறு ஓடாமல் வேலை செய்ய வேண்டும். கொடி நடுவது, வழியில் நின்று கை காட்டுவது, கடைசி ஆளுக்கும் பின்னால் மெதுவாக ஓடி யாரும் தொலையாமல் பார்த்துக்கொள்வது. இதில் யாருக்கும் விலக்கு இல்லை. என்னைப் போல முட்டி தேய்ந்து ஓட்டத்தை விட்டவர்கள் தலையில் மாத மடலைக் கட்டிவிடுவார்கள்.

வேலைகளிலேயே பொல்லாதது கடிகாரம் பிடிப்பது. ஓடி வருகிறவர் இரண்டு கொடிகளுக்கு நடுவே கோட்டைத் தாண்டும்போது பொத்தானை அமுக்க வேண்டும். ஒரு அமுக்கு, ஒரு நேரம். தாண்டியவர் கயிறு கட்டிய பாதையில் வரிசையாக நடப்பார். அங்கே ஒருவர் எண் போட்ட டோக்கனைக் கையில் கொடுப்பார். பதினேழாம் டோக்கன் வைத்திருப்பவருக்குப் பதினேழாம் நேரம். பெயரும் வேண்டாம், முகமும் வேண்டாம். எளிமையான ஏற்பாடு. ஆனால் ஒரே ஒரு அமுக்கு கூடிவிட்டால் அதற்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அடுத்தவர் நேரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.*

* ஒரு முறை எழுபது வயதுக்காரர் ஒருவர் இப்படிக் கிடைத்த நேரத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். திருத்தம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

4

இனி, யாருக்கு என்ன போகிறது என்பது.

கழகங்களுக்கிடையே நடக்கும் காட்டு ஓட்டத்துக்குப் பெண்கள் அணியில் ஆறு பேர். ஆறு பேரும் ஓடி முடித்தால்தான் அணி கணக்கில் வரும். எங்கள் ஐந்து பேர் வழக்கமானவர்கள். ஆறாவது இடத்துக்குத்தான் போட்டி. இரண்டு ஞாயிறு தேர்வு ஓட்டம், ஒரே பாதை. இரண்டில் எதிலாவது ஓடலாம், நல்ல நேரம் யாருடையதோ அவருக்கு இடம்.

முதல் ஞாயிறு பேக்கரி ஓடினார். பேக்கரி என்பது ஆள். விடியுமுன் ரொட்டி சுடுகிறவர், மாதத்தில் ஒரு ஞாயிறுதான் அவருக்கு விடுமுறை. ஐம்பத்திரண்டு நிமிடம் பதினான்கு விநாடி. ஐம்பத்திரண்டு நிமிடத்தை இனி விட்டுவிடுகிறேன். பேக்கரி: பதினான்கு.

இரண்டாம் ஞாயிறு ஸ்பேர் ஓடினாள். நான்கு வருடமாக அவள் மாற்று ஆள். அணியோடு வண்டியில் போவாள், ஐந்தாறு பேர் கழற்றிக் கொடுக்கும் மேல்சட்டைகளைச் சுமந்துகொண்டு நிற்பாள், கைதட்டுவாள், திரும்பி வருவாள். ஹோட்டல் சலவைப் பிரிவில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிக்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் துணி சுமக்கிற வேலை. இந்த வருடத்தோடு வயதுப் பிரிவு மாறுகிறது. அடுத்த பிரிவில் எங்கள் கழகத்தால் ஆறு பெண்களை என்றுமே திரட்ட முடிந்ததில்லை. அதனால் இது அவளுக்குக் கடைசி.

அவளுக்கு இருபத்துமூன்றாம் டோக்கன். கடிகாரத்தில் இருபத்துமூன்றாம் நேரம்: பன்னிரண்டு. இருபத்துநான்காம் நேரம்: பதினைந்து.

பன்னிரண்டு அவளுடையது என்றால் ஸ்பேர் உள்ளே. பதினைந்து என்றால் பேக்கரி உள்ளே.

கடிகாரத்தைப் பிடித்திருந்தவர் அண்ணி.

(சொந்தக்காரர் தேர்வு ஓட்டத்தில் ஓடினால் கடிகாரம் பிடிக்கக் கூடாது என்று எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அன்று அண்ணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில்தான் வேலை. கடிகாரக்காரர் வயிற்றுவலி என்று செய்தி அனுப்பிவிட்டார். "அண்ணி எண்ணுவதில் கெட்டி" என்று யாரோ சொல்லிக் கையில் திணித்துவிட்டார்கள். அந்த யாரோ நான்தான்.)

5

ஸ்பேருக்கு முன்னால் வந்தவருக்கும் அவளுக்கும் இடையே நீண்ட இடைவெளி. அவளுக்குப் பின்னால் ஓடி வந்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர்; அவர் வேலியைத் தாண்டப் போட்டிருக்கும் படியில் ஏறும்போதே இவள் கோட்டைத் தாண்டியாகிவிட்டது. இதைக் கேப்டன் அன்றே விசாரித்துவிட்டார். ஓய்வுபெற்ற தபால்காரர், முகவரி இல்லாத கடிதத்தையும் கொண்டுபோய்ச் சேர்த்தவர். கூடுதல் அமுக்கு வேறு எங்கும் இல்லை, இவளிடத்தில்தான் என்று அரை மணியில் கண்டுபிடித்துவிட்டார். ஒரு உடம்புக்கு இரண்டு நேரம்.

"இது ரொம்ப சுலபம் அண்ணி," என்றார் கேப்டன். "ரெண்டுல எது நெஜம்னு நீங்க சொல்லுங்க. மத்தத அடிச்சிடறேன்."

"எனக்குத் தெரியலையே."

"நீங்கதான அமுக்கினீங்க?"

"நான்தான் அமுக்கினேன். ரெண்டு தடவையும் நான்தான் அமுக்கியிருக்கேன். ஏன்னு தெரியல."

அண்ணியின் தலைக்குள் அன்றிலிருந்து ஓடிக்கொண்டிருப்பது இதுதான். நாத்தனார் கோட்டைத் தாண்டியதைப் பார்த்து அவர் அமுக்கியிருக்கலாம். வெயில் அடித்தாலும் குளிர், கையில் உறை, கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது, சரியாகப் பதியவில்லையோ என்று மூன்று விநாடி கழித்து மறுபடி அமுக்கியிருக்கலாம். அப்படியானால் பன்னிரண்டு. அல்லது, நாத்தனார் மரத்தடி வளைவைத் தாண்டி வாயைத் திறந்துகொண்டு, முகமெல்லாம் சேறாக, கோட்டுக்கு இன்னும் பத்தடி தூரத்தில் வரும்போதே, வந்துவிடு வந்துவிடு என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்த அண்ணியின் விரல் அவரைக் கேட்காமலேயே அமுங்கியிருக்கலாம். பிறகு அவள் நிஜமாகத் தாண்டியபோது இன்னொரு முறை. அப்படியானால் பதினைந்து.

மாத்திரை எண்ணும்போது விரலுக்கு ஆசை கிடையாது. அன்று இருந்திருக்கிறது. இருந்ததா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னார். ஓட்டத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். பத்திரிகையை மடக்காமலேயே, "மூணு செகண்டுக்கா இவ்ளோ? என் தங்கச்சிக்குன்னு போட்டுட்டுப் போயேன்," என்றார்.

"பேக்கரியும் யாருக்கோ தங்கச்சிதான?"

"எனக்குத் தெரிஞ்ச தங்கச்சி ஒண்ணுதான்."

6

இங்கே நான் ஒரு தகாத காரியம் செய்தேன். அண்ணியைக் காப்பாற்றலாம் என்று என்னையே கதைக்குள் நுழைத்துவிட்டேன். அந்த வரைவு:

"அப்போது மாத மடல்காரர், தன் குடையை எடுக்க, யோசிக்காமல் கோட்டைக் குறுக்கே கடந்தார். அண்ணியின் கை தானாக—"

அழகாகப் பொருந்தியது. ஆளில்லாத நேரத்துக்கு ஆள் கிடைத்துவிட்டார். நான் மூன்று விநாடி கழித்துக் கடந்தால் ஸ்பேருக்கு இடம், மூன்று விநாடி முன்னால் கடந்தால் பேக்கரிக்கு. பழி எனக்கு, அண்ணிக்கு நிம்மதி. பெருமையோடு எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். அண்ணி கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்துக்கொண்டு படித்தார்.

"நீங்க அங்க இல்லவே இல்லையே."

"கதைதானே அண்ணி."

"டீ வாங்கப் போயிருந்தீங்க. வெயில் அடிச்சுது, குடை எதுக்கு?" தாளைத் திருப்பித் தந்தார். "என் தப்ப நீங்க எடுத்துக்காதீங்க. அதுவாவது என்னோடதா இருக்கட்டும்."

ஆகவே நான் வெளியேறுகிறேன். அந்தக் கோட்டை யாரும் குறுக்கே கடக்கவில்லை.

7

பேக்கரியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். அவரை நல்லவராக எழுதுவதா, பொல்லாதவராக எழுதுவதா? பொல்லாதவர் என்றால் வேலை சுலபம். நீங்கள் ஸ்பேர் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள், எனக்கும் கை வலிக்காது. முதல் வரைவில் அவருக்கு ஒரு கடுகடுப்பான முகம் கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். நடந்தது என்னவென்றால், திங்கட்கிழமை அவர் மாவு படிந்த செருப்போடு மருந்துக்கடைக்கு வந்து, தீக்காயத்துக்குக் களிம்பு வாங்கிக்கொண்டு, "எதுன்னாலும் சரி அண்ணி, நீங்க சொன்னா நான் நம்புவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

திட்டிவிட்டுப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அண்ணி என்னிடம் சொன்னார்.

இன்னொரு முறை இருவரையும் ஓடவைத்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். கேப்டனும் கேட்டார். செவ்வாய் மாலை எட்டு மணிக்குள் ஆறு பெயர்களை அனுப்பியாக வேண்டும். அதற்குள் பேக்கரிக்கு விடுமுறை இல்லை, ஸ்பேருக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. தவிர, எங்கள் சட்டத்தில் இதற்கு ஒரே ஒரு வரிதான். கடிகாரப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் யாரோ எப்போதோ எழுதி ஒட்டியது: சந்தேகம் வந்தால், கடிகாரம் பிடித்தவர் சொல்வதே நேரம்.

சந்தேகமே கடிகாரம் பிடித்தவருக்கு வந்தால் என்ன செய்வது என்று அதில் இல்லை.

8

செவ்வாய்க்கிழமை. பேருந்து நிறுத்தத்திலிருந்து திடல் வரைக்கும் அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து நடந்தார்கள். இரண்டு நாளாக இருவரும் இதைப் பற்றி எதையும் பேசவில்லை. காய்ச்சல், மழை, துவைக்கும் இயந்திரம் என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஸ்பேர் லேசாக நொண்டினாள். மூடிய கடைகளின் முன்னால், சறுக்குப் பலகையோடு போன பிள்ளைகளுக்கு வழிவிட்டு நின்றபோது அவள்தான் ஆரம்பித்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"அன்னிக்கு வளைவு தாண்டினதுலேர்ந்து நான் கோட்டப் பாக்கல. உங்க கையத்தான் பாத்துக்கிட்டு வந்தேன்."

அண்ணி நின்றுவிட்டார்.

"உங்க கட்டவெரல் எப்ப இறங்குச்சுன்னு எனக்குத் தெரியும்," என்றாள் ஸ்பேர். "ரெண்டு தடவையும் தெரியும்."

"அப்ப எது—"

"நானா சொல்ல மாட்டேன். சொன்னா, எனக்குச் சாதகமா இருந்தா பொய்னுவாங்க. பாதகமா இருந்தா..." அவள் கொஞ்சம் தூரம் நொண்டினாள். "நாலு வருஷம் அண்ணி. என் வாயால எப்படிச் சொல்லுவேன்? நீங்க கேட்டா சொல்றேன். உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். கேக்கலன்னா, சத்தியமா, சாகற வரைக்கும் இதப் பேச மாட்டேன்."

அண்ணிக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. இரண்டு நாள் தூங்கவில்லை, சாப்பிட்டது ஒட்டவில்லை, தன் விரலைத் தானே சந்தேகப்பட்டுப் பைத்தியம் பிடிக்கிற நிலை. இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! அடுத்த கணமே, இந்த இரண்டு நாளும் இவள் எப்படித் தூங்கினாள் என்று தோன்ற, கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கையை நீட்டி அவள் பையை வாங்கிக்கொண்டார். எப்போதும் மற்றவர் துணியைச் சுமக்கிறவளின் பையை முதல் முறையாக வேறொருவர் சுமந்தார் என்று எழுதினேன். பிறகு அடித்தேன். அண்ணி அதைச் சும்மாதான் வாங்கினார், கணுக்கால் வீக்கம்.

9

எட்டுக்குப் பத்து நிமிடம். உடைமாற்றும் அறை. இங்கே நானும் இருந்தேன், இந்த முறை பொய் இல்லை. நீளமான பெஞ்சு, ஈரச் சாக்ஸ் வாடை, கொக்கிகளில், இருட்டில் ஓடுவதற்கான ஒளிரும் சட்டைகள். கேப்டன் மடியில் பட்டியல். ஐந்து பெயர்கள் எழுதியாகிவிட்டன. ஆறாவது வரியில் பேனா முனை. பேக்கரி வேலைக்குப் போகிற உடையில் கதவோரம் நின்றார். ஸ்பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் குனிந்து ஏற்கனவே கட்டிய காலணிக் கயிறுகளை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, நேரமாச்சு," என்றார் கேப்டன்.

"ஒரு நிமிஷம்."

அண்ணி நாத்தனாரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, காலணி அடுக்கி வைக்கும் சின்ன நடைவழிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். (ஓட்டக் கழகத்துப் புத்தி.) நாற்பது விநாடி இருக்கும். உள்ளே பேச்சுக் குரல் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. மெதுவாகப் பேசியிருக்கலாம். பேசாமலும் இருந்திருக்கலாம். கதவு திறந்தது. இருவர் கண்ணும் ஈரமாக இருந்தது. அது எதற்கும் சாட்சி ஆகாது.

அண்ணி நேராகக் கேப்டனிடம் வந்து ஒரு எண்ணைச் சொன்னார். கேப்டன் எழுதினார். "சரிங்க அண்ணி," என்றார் பேக்கரி. யாரும் எதுவும் கேட்கவில்லை. மற்றவர்கள் ஓடப் போய்விட்டார்கள்.

10

முடிவு ஒன்று: அண்ணி சொன்னது பன்னிரண்டு. ஸ்பேர் அணியில். சேற்றில் ஓடுகிறாள், கைதட்டல்—

அப்படியென்றால் கேட்டாரா? கேட்டு, அவள் உண்மையாகவே பன்னிரண்டு என்றாளா? அல்லது வாக்கு மீறிப் பொய் சொன்னாளா? அல்லது கேட்கப் பயந்து, கட்டிப்பிடித்துவிட்டு, தானாக வந்து சொன்னாரா?

முடிவு இரண்டு: பதினைந்து. பேக்கரி அணியில். ஸ்பேர் ஐந்தாம் வருடமாக மேல்சட்டை—

இதிலும் அதே கதைதான். உண்மையைக் கேட்டு ஏற்றுக்கொண்டார்களா, அல்லது யாரும் தன் விரலைச் சந்தேகிக்கக் கூடாது என்று அண்ணி சொந்த நாத்தனாரைப் பலிகொடுத்தாரா? அதை உண்மை தெரிந்தே அவள் பார்த்துக்கொண்டு நின்றாளா?

முடிவு மூன்று எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கசக்கினேன்.

பட்டியலைப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன், ஆறாவது பெயரைப் படித்தேன். அதை இங்கே எழுதிவிடுவது எனக்குப் பெரிய காரியம் இல்லை. மாத மடலில் எழுதத்தான் போகிறேன், சேறு அதிகம் என்பதற்குக் கீழே. ஆனால் பெயரைப் படித்துவிட்டு அந்தப் பலகை முன்னாலேயே ரொம்ப நேரம் நின்றேன். பெயர் தெரிந்த பிறகும் எனக்கு எதுவும் தெரியவில்லை. மருந்துக்கடையில் வாய்விட்டே கேட்டேன்: "அண்ணி, உள்ள போய் கேட்டீங்களா, இல்லையா?"

"உங்களுக்கு ஒரு வேளைக்கு ஒரு மாத்திரை," என்றார் அவர். "சாப்பிட்ட பிறகு."

ஆகவே உங்களிடம் விடுகிறேன். நீங்கள் அந்த நடைவழியில் நிற்கிறீர்கள். இரண்டு பக்கமும் ஈரக் காலணிகள், கதவு சாத்தியிருக்கிறது. அவள் உங்கள் முகத்தையே பார்க்கிறாள். கேட்டால் சொல்லிவிடுவாள். நாற்பது விநாடி இருக்கிறது.

நான் கேட்டிருக்க மாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். வெளியே வந்து பன்னிரண்டு என்று சொல்லியிருப்பேன், அவளும் ஓடியிருப்பாள், அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் என் கையைப் பார்க்கிறாளோ என்று அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருப்பேன்.

நீங்கள் கேட்பீர்களா?